ஒரு வரி போட்டதாகச் சொன்னேன்

'ஸ்கொலஷிப் பிலிப்பர்' என்று எனக்குப் பெயர் வைத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஆளைப் பிடித்து இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கந்தோர் உத்தியோகத்தை விட்டு வந்து இத்தனை காலமாகியும், லிங்கநகரில் என் வீட்டைத் தேடி வருகிற பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கடையில் வழி கேட்கிறார்கள்.

என் பழைய மேசையில் இப்போது வேலை செய்யும் சாந்தினி போன மாதம் வந்தாள். பழைய ஊழியர் சங்கம் ஒரு மலர் போடுகிறதாம், அவள்தான் தொகுக்கிறாளாம். ஒரு மூலையிலிருக்கும் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரிலிருந்து இத்தனை பேர் விஞ்ஞானமும் பொறியியலும் மேலே படிக்க வெளிநாடு போனது எப்படியென்று நான் எழுத வேண்டுமாம். எனக்கு எழுத வராது என்றேன். இருபது வருடமாக ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று கேட்டுவிட்டு, தட்டெழுத்தில் அடித்த இரண்டு பக்கத்தை நீட்டினாள். என்னோடு முன்பு வேலை செய்த ஜப்பார் என்னைப் பற்றி அந்த மலருக்கு எழுதிக் கொடுத்தது. அதில் ஒரு வசனம்: 'தன்னுடைய பிழையைத் தன் கையாலேயே எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பத் துணிந்த ஒரே உத்தியோகத்தர்.' அந்த வசனம் பொய். பொய் அவருடையதல்ல, என்னுடையது. சாந்தினியிடம் ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், தவணை கேட்டேன். ஒரு மாதமாயிற்று.

சுதந்திரம் கிடைத்த கையோடு வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிய காலத்தில் நான் வேலைக்கு வந்தேன். தட்டெழுத்துத் தெரியும், இங்கிலீசில் பிழையில்லாமல் எழுதுவேன். நான் கற்று வந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சிற்றம்பலம் ஐயாவிடம் படித்தது.

சிற்றம்பலம் ஐயா எங்கள் பிரதம இலிகிதர், தலைமைக் கிளாக்கர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. வெளியே போகும் எந்தக் கடிதமும் அவர் கண்ணில் படாமல் போகாது. யன்னலோரம் நின்றபடிதான் வாசிப்பார். கதிரையில் இருந்து வாசித்தால் கண் சோம்பல்படும் என்பார். சட்டைப்பையில் இரண்டு பென்சில் வைத்திருப்பார். நீலம், பார்த்தேன் என்பதற்கு. சிவப்பு, வெட்டுவதற்கு. வெட்டுவதிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கிறுக்கமாட்டார். அடிமட்டம் வைத்து வசனத்தின் நடுவே ஒரே கோடு இழுப்பார். என்ன வெட்டப்பட்டது என்பதைப் பின்னால் வருகிறவன் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெட்டிய வரைவைக் கிழிக்கவும் விடமாட்டார். அதைக் கடிதக் கோவையில் போட்டுவிட்டுத்தான் சுத்தப் பிரதி அடிக்கலாம்.

என் வேலை தபால். எங்கள் கந்தோரின் தபால் மற்றக் கந்தோர்களின் தபால் மாதிரியில்லை. தேயிலை ஏற்ற வரும் கப்பல்களின் ஆட்களுக்கு வீட்டிலிருந்து வரும் கடிதங்களும் எங்கள் விலாசத்துக்குத்தான் வந்து குவியும். சுவரில் இரண்டு மரத்தட்டுகள் இருந்தன. ஒன்று எங்கள் ஊழியர்களுக்கு, அவரவர் பெயரின் முதலெழுத்துப்படி. மற்றது கப்பற்காரர்களுக்கு, கப்பல் கப்பலாக. வெளிநாட்டு முத்திரை ஒட்டிய உறையென்றால் துறையில் நிற்கும் கப்பல்களின் ஆட்பட்டியலைப் பார்ப்பேன். பெயர் இருந்தால் ஒரு நீலக்கோடு, ஒரு கட்டு, அந்தக் கப்பலின் முகவரிடம் ஒப்படைப்பு. அந்த வேலையில் எனக்குப் பெரிய திமிர். உறையின் முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும், முதுகைத் திருப்பிப் பார்ப்பவனுக்குத் தொழில் தெரியாது என்று சொல்லித் திரிந்தவன் நான்.

ஜப்பார் கிண்ணியாவைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பன் தோணியில் விறகு கொண்டுவந்து பட்டினத்தில் விற்றவர். மகன் கொழும்புக்குப் போய்ப் பௌதிகத்தில் சிறப்புப் பட்டம் எடுத்துவிட்டு வந்து, எங்கள் அளவைப் பகுதியில் உதவியாளராகச் சேர்ந்தார். ஒவ்வொரு நாளும் விடிய, பாதை என்று நாங்கள் சொல்லும் அந்த மிதவையில் வண்டிகளோடும் மாடுகளோடும் ஆற்றுவாயைக் கடந்து வருவார். கடல் வற்றுவதையும் பெருகுவதையும் கோலில் பார்த்துக் குறிப்பதுதான் உத்தியோகம். ஆனால் மனம் கோலில் இல்லை. எங்கள் துறைமுக வாயிலுக்கு வெளியே கடலின் அடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட அவ்வளவு ஆழம் எப்படி வந்தது, அதற்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதே அவருடைய கதை. தேத்தண்ணீர் குடிக்கப் போனாலும் அதே கதை. பழைய வரைபடங்களிலிருந்த ஆழ அளவுகளையெல்லாம் ஒரு கொப்பியில் எடுத்தெழுதி வைத்திருந்தார். அவரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன், ஆனால் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் இருப்பேன்.

இங்கிலாந்தின் வடபக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் கடலியலில் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு ஸ்கொலஷிப், அதாவது படிக்கப் பண உதவி, கொடுப்பதாக ஒரு அறிவித்தல் வந்தது. படிப்புச் செலவு, சாப்பாடு, கப்பற் பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. முப்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். ஜப்பாருக்கு இருபத்தொன்பது. அவருடைய சம்பளத்தில் தம்பி தங்கச்சிமார் சாப்பிட்டார்கள், சொந்தக் காசில் போவதென்பது நினைக்கவும் ஏலாத காரியம். அது கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கோல்.

விண்ணப்பத்தை நான்தான் தட்டெழுத்தில் அடித்தேன். அரசாங்க உத்தியோகத்தர் என்றபடியால் உரிய வழியூடாக, அதாவது கந்தோர்த் தலைவரின் கையெழுத்தோடு, கந்தோர் விலாசத்திலிருந்துதான் போக வேண்டும். பதிலும் கந்தோருக்கே வரும். முதற் பக்கத்திலேயே குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். விரலை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்களுக்கேது அண்ணன் குடும்பப் பெயர்? வாப்பாட பேரப் போடுங்க."

முகம்மது இஸ்மாயில் என்று அடித்தேன். அடுத்த கட்டத்தில் ஜப்பார். அதோடு அந்தக் காரியத்தை மறந்துவிட்டோம். நாங்கள் தகப்பன் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துவிட்டு மறந்துவிடுகிறவர்கள். அந்தத் தேசத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

பிறகு காத்திருப்பு. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குத் தபால் பிரித்து முடிய ஜப்பார் என் மேசைக்கு வருவார். "அண்ணன், எனக்கு ஏதும்?" என்பார். நான் ஊழியர் தட்டில் அவருடைய அறையைப் பார்த்துவிட்டு இல்லைத் தம்பி என்பேன். மாதக்கணக்கில் இதுவே நடந்தது. பதிலுக்குக் காத்திராமல் உம்மையே தபாற்பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாமென்று நான் பகிடி பண்ணியதும் உண்டு.

அந்த நாட்களில் ஒரு காலையில் இந்தியக் கப்பலொன்று தேயிலை ஏற்றிக்கொண்டு நின்றது. தபாலில் ஒரு நீளமான உறை. முகத்தில் திரு முகம்மது இஸ்மாயில், துறைமுகக் கந்தோர், திருகோணமலை. பட்டியலைப் பார்த்தேன். இயந்திர அறையில் முகம்மது இஸ்மாயில் என்று ஒரு ஆள் இருந்தார். நீலக்கோடு போட்டேன், கட்டினேன், ஒப்படைத்தேன். உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு ஜப்பார் வந்து கேட்டார். இல்லைத் தம்பி என்றேன்.

நாலு மாதம் கழித்து அந்த உறை திரும்பி வந்தது, வேறொரு பெரிய உறைக்குள். எந்தத் துறைமுகத்து முத்திரையென்று வாசிக்க முடியவில்லை. உறை பிரிக்கப்பட்டு மறுபடியும் பசை பூசி ஒட்டப்பட்டிருந்தது. மேலே ஒரு துண்டுக் கடதாசி ஊசியால் குத்தப்பட்டிருந்தது. அந்த மனிதர் வேறு யாரையோ பிடித்து இங்கிலீசில் எழுதுவித்திருக்கிறார்: 'இது என்னுடையதல்ல. நான் படிக்காதவன். இது படிக்கிற ஒருவருடைய கடிதம். தயவுசெய்து கெதியில் அவரிடம் சேர்த்துவிடுங்கள்.' அப்போதுதான் உறையைத் திருப்பினேன். முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது.

உள்ளே இடம் தந்திருந்தார்கள். ஆறு கிழமைக்குள் சம்மதம் எழுத வேண்டும். கூடவே அவர்களுடைய விதிகளெல்லாம் அடங்கிய ஒரு மெல்லிய பொத்தகம். ஆறு கிழமை எப்போதோ முடிந்துவிட்டது. ஜப்பாருக்கு முப்பதும் முடிந்துவிட்டது.

எல்லாவற்றையும் அப்படியே கையில் எடுத்தேன். சிற்றம்பலம் ஐயாவிடம் கொண்டுபோனேன். யன்னலோரம் நின்று வாசித்தார். துண்டுக் கடதாசியையும் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்தார். பொடியனிடம் கொடும், மறைக்காதையும் என்றார். அந்த மட்டில் அவர் நேர்மையான மனிதர்.

அளவைப் பகுதிக்குப் போய் ஜப்பாரின் கையில் கொடுத்தேன். அவர் முதலில் வாசித்தது அந்தத் துண்டைத்தான். பிறகு நீலக்கோட்டைப் பார்த்தார். அந்தக் கோடு யாருடையதென்று அவருக்குத் தெரியும். ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். கடிதத்தையும் பொத்தகத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த நாள் பத்து மணிக்கு வழக்கம்போல என் மேசைக்கு வந்தார்.

"அண்ணன், அவங்கட பொத்தகத்த முழுக்கப் பாத்தன். கந்தோர்ட பிழையால பிந்தினது எண்டு ஒரு வரி, கந்தோர் கடதாசில. அது போதும்."

ஏன் அது போதும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கே வரைவு அடித்தேன். 'தாங்கள் அனுப்பிய கடிதம் இக்கந்தோர்த் தபால் இலிகிதரின் தவறால் வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டதால் தாமதம் ஏற்பட்டது' என்று எழுதினேன். எழுதும்போது நெஞ்சில் கொஞ்சம் பாரம் குறைந்தது.

சிற்றம்பலம் ஐயா யன்னலோரம் நின்று வாசித்தார். பிறகு வழக்கத்துக்கு மாறாக வந்து கதிரையில் இருந்தார். அடிமட்டத்தை எடுத்தார். சிவப்புப் பென்சிலால் அந்த வசனத்தின் நடுவே ஒரு கோடு. மேலே, தன் முத்து முத்தான எழுத்தில், 'தபால் வழியில் ஏற்பட்ட தாமதத்தால்' என்று எழுதினார்.

"பிலிப்பு, இந்த வரி வெளியில போனால் உமக்குக் குற்றப்பத்திரம் வரும். விசாரணை எண்டு வந்தால் என்னாலையும் காப்பாத்த ஏலாது. உமக்கு மூண்டு பிள்ளையள்."

அவர் கந்தோரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று பிற்காலத்தில் என்னை நானே தேற்றப் பார்த்தேன். சரியில்லை. அவர் என்னைக் காப்பாற்றினார், நானும் காப்பாற்றப்பட விரும்பினேன். சுத்தப் பிரதியை நானே அடித்தேன். தனிப்பட்ட முறையில் என் பெயரில் ஒரு கடிதம் எழுதி, முத்திரை ஒட்டி, நானே பெட்டியில் போட்டிருக்கலாம். அதைத் தடுக்க எந்தச் சிவப்புப் பென்சிலும் இல்லை. அதையும் நான் செய்யவில்லை.

ஜப்பார் பின்னேரம் வந்தார். உரிய வழியூடாகப் போகும் கடிதத்தைச் சம்பந்தப்பட்டவருக்குக் காட்டுவதில்லை, அதனால் அவர் பார்க்கக் கேட்கவில்லை.

"அந்த வரி போட்டீங்களா அண்ணன்?"

"ஓம் தம்பி, போட்டது."

அவ்வளவு இலேசாக வந்தது அந்தப் பதில். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். தன் உத்தியோகத்தைப் பணயம் வைத்து எழுதியவனின் கையென்று நினைத்துத்தான் பிடித்தார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. நாலே வரி. 'தங்கள் கடிதத்தில் கூறப்பட்ட காரணத்தைக் கவனத்தில் எடுத்தோம். இடத்தை வைத்திருக்க முடியாமைக்கு வருந்துகிறோம்.' கூறப்பட்ட காரணம் என்று அவர்கள் எழுதியது ஒன்று, ஜப்பார் விளங்கிக்கொண்டது இன்னொன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவரோ எனக்கு ஆறுதல் சொன்னார். நீங்கள் உங்களால் ஏலுமானதைச் செய்துவிட்டீர்கள், இது அல்லாஹ்வின் நாட்டம் என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் 'ஸ்கொலஷிப் பிலிப்பர்' ஆனேன். புண்ணியத்துக்குச் செய்ததாக ஊரில் கதை. எனக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. அரசாங்கம் அறிவித்தல் போடும் வர்த்தமானியை வரி வரியாகப் பார்த்தேன். கொழும்பிலுள்ள தூதரகங்களுக்கு எழுதி அறிவித்தல்களை எடுப்பித்தேன். எங்கள் கந்தோர், பக்கத்துக் கந்தோர், பாடசாலை என்று பார்க்காமல் விஞ்ஞானம் படித்த ஒவ்வொருவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடும்பப் பெயர்க் கட்டம் வந்தால், வரும் கடிதத்தில் முழுப் பெயரும் பதவியும் எழுத வேண்டுமென்று தனித்தாளில் அடித்துக் குத்துவேன். ஒவ்வொரு உறையையும் முகத்துக்கு முன்னால் முதுகைத்தான் பார்த்தேன். தம்பலகாமத்திலிருந்து வந்த புவனேஸ்வரி என்ற பொறியியலாளருக்கு நீரியலில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, திரும்பி வந்து வேலை செய்வாளென்று பிணை நிற்க இரண்டு உத்தியோகத்தர்கள் தேவைப்பட்டார்கள். சொந்தப் பெரியப்பாவே பின்வாங்கினார். நான் கையெழுத்து வைத்தேன். மனைவி நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. புவனேஸ்வரி படித்து முடித்து ஒழுங்காகத் திரும்பி வந்தாள், அது வேறு கதை.

ஜப்பாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வயதெல்லை இல்லாத உதவிகள் இருந்தன. ஜப்பான், கனடா, அவுஸ்திரேலியா. மரியாதையாக வாங்குவார், வாசிப்பார், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். ஒன்றுக்கும் விண்ணப்பித்ததில்லை. ஏன் என்று கேட்டால் பார்ப்போம் என்பார். மனம் விட்டுப்போய்விட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலொன்று அந்தப் பள்ளத்தாக்கை அளக்க வந்தது. அவர்களைப் படகில் கூட்டிப்போய் இடம் காட்ட ஜப்பாரைத்தான் அனுப்பினார்கள். அந்தக் கொப்பியையும் கொண்டுபோனார். திரும்பி வந்து, அவர்களிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன என்று மட்டும் சொன்னார். கொஞ்சக் காலத்தில் வேலையை விட்டுவிட்டு, ஊரில் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போய்விட்டார்.

சிற்றம்பலம் ஐயா காலமாகி வருடங்களாகின்றன. வெட்டிய வரைவு என்னிடம் இருந்தது. ஓய்வுபெற்ற அன்று கோவையிலிருந்து எடுத்தேன். என் உத்தியோக காலத்தில் நான் எடுத்த ஒரே அரசாங்கக் கடதாசி அதுதான். சாந்தினி அந்த இரண்டு பக்கத்தைக் காட்டிய பிறகு மூன்று கிழமை அந்த வரைவை அலுமாரியிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நாலாம் கிழமை கிண்ணியாவுக்குப் போகப் பாதை மிதவையில் ஏறினேன்.

ஜப்பார் இறங்குதுறைக்கே வந்து நின்றார். எப்போது போனாலும் வருவார், எப்போது திரும்பினாலும் கொண்டுவந்து ஏற்றிவிடுவார். வீட்டில் கதிரை போட்டு, நன்னாரி போட்ட தேத்தண்ணீர் தந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் வரைவை நீட்டினேன்.

ஐயா இழுத்த ஒற்றைக் கோட்டுக்குக் கீழே என் வசனம் தெளிவாகத் தெரிந்தது. மேலே எழுதியதும் தெரிந்தது. ஜப்பார் இரண்டையும் வாசித்தார். எது போனது என்று கேட்டார். மேலே உள்ளது போனது என்றேன்.

எழும்பி உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. ஏதோ பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் அந்த மெல்லிய பொத்தகம். இருபது வருடமாக வைத்திருந்திருக்கிறார். ஒரு பக்கத்தில் பென்சிலால் ஓரக்கோடு போட்டிருந்தது. விரித்து என் மடியில் வைத்தார். தாமதத்துக்குத் தானே பொறுப்பென்று விண்ணப்பகாரரின் கந்தோர் எழுத்தில் ஒப்புக்கொண்டால், வயதைப் பாராமல் இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம் என்று அதில் இருந்தது.

"இதுக்காகத்தான் அந்த ஒரு வரி கேட்டன். வரி போட்டும் அவங்க தரல்ல எண்டுதான் நான் நம்பின. தங்கட பொத்தகத்தில எழுதினதையே செய்யாதவங்களுக்கு இனி என்னத்துக்கு விண்ணப்பம் எண்டுதான், நீங்க கொண்டுவந்து தந்த ஒண்டுக்கும் நான் போடல்ல."

கடிதத்தைக் கைமாற்றிக் கொடுத்ததால் ஒரு வருடத்தைக் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓம் என்ற அந்த ஒரு சொல்லால் மிச்ச வருடங்களையும் கெடுத்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அழுதேன். அவர் அழவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா வெட்டினது விளங்குது. எனக்கு ஓம் எண்டு சொல்லச் சொன்னது ஆரு?"

ஒருவரும் இல்லை என்றேன்.

தேத்தண்ணீர் ஆறிப்போய் இருந்தது. நான் புறப்பட எழும்பினேன். வாசல்வரை வந்தார். மலருக்குத் தான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தைத் திருப்பித் தரும்படி சாந்தினியிடம் சொல்லச் சொன்னார். சரி என்றேன். இறங்குதுறைக்கு நான் தனியே நடந்தேன். பாதையில் ஏறிய பிறகு கரையைத் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

அடுத்த நாள் சாந்தினியிடம் போய் அந்தப் பக்கங்களை வாங்கித் தபாலில் அனுப்பினேன். உறையின் முகத்தில் அவருடைய முழுப் பெயரையும் எழுதினேன். மலரில் இரண்டு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதே, என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அந்த இடத்தில் போடத்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன்.